எங்கே போனாலும் எனக்குச் சரி

மேடம், எனக்கு வயது 34. கல்யாணமாகிப் பத்து வருஷம், கூட்டுக் குடும்பம். மே மாதம் வந்தால் வேன் பிடித்து எல்லோரும் டூர் போவோம். எனக்குத் தனுஷ்கோடி கடலைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. ஆனால் "நீ என்னம்மா சொல்றே?" என்று மாமனார் கேட்டால், "எங்கே போனாலும் எனக்குச் சரி மாமா" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. போன வருஷம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. பின் சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, மடியில் பாலிதீன் கவரோடு, யாருக்கும் தெரியாமல் சமாளித்தேன். ஊர் திரும்பியதும் நாத்தனார், "அண்ணிக்கு மலைன்னா உசுரு" என்றாள். அழுகையே வந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை. ஆனாலும் ஒரு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். இந்த வருஷப் பேச்சு சீக்கிரமே தொடங்கிவிடும். என்ன செய்வது?
- வாசகி, ஈரோடு

அன்புத் தோழி,

அந்த எலுமிச்சம்பழத்தைப் படித்ததும் மனசு கனத்துப்போனது. வாயில் விழுங்கியதுதான் அந்த ஒரு வாரமும் கோபமாக வெளியே வந்திருக்கிறது.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் ஒரு சோதனை செய்தார். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் நீளம் என்பதுதான் கேள்வி. விடை கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் கூட இருந்தவர்கள், ஏற்கெனவே பேசிவைத்தபடி, தப்பான கோட்டைக் காட்டியதும், சோதனைக்கு வந்தவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அதையே சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னபோது, இப்படி ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது.

உங்களுக்கும் அந்த ஒருவர் வேண்டும். கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே! ஹாலில் பேச்சு எடுக்கும் முன்பே அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கடல் ஆசையை மட்டுமல்ல, அந்தக் கவரையும் சேர்த்து.

அப்புறம், மாமனார் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். நாலு பேர் ஒரு மலையைச் சொன்ன பிறகு வாய் திறப்பது யாருக்குமே கஷ்டம். முதல் ஆளாக, "மாமா, இந்தத் தடவை தனுஷ்கோடி பார்க்கணும்னு ஆசையா இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். "உங்களுக்கு எது வசதியோ" என்று பின்னால் ஒட்டாதீர்கள்.

மே மாத வெயிலில் கடற்கரையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சரி, பொங்கல் லீவில் போகலாமா என்று நீங்களும் கேளுங்கள்.

நாத்தனாரிடமும் மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவையுங்கள். பாவம், அவருக்குத் தெரிய வழியே இல்லை.