பிளேட் போதுமா, மூட்டையே மாற்றணுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 76. 2015-இல் இடது இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. மூன்று நாள் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்ததில், உள்ளே இருக்கும் கம்பியை ஒட்டித் தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஒரு டாக்டர் பிளேட் போதும் என்கிறார். இன்னொருவர் பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதிது வைக்கணும் என்கிறார். செலவோ பல மடங்கு. யாரை நம்புவது? புத்தூர் கட்டு போடலாம் என்கிறார் மாமா. – வாசகர், திண்டுக்கல்

பதில்: இருவருமே நேர்மையாகச் சொல்லியிருக்கலாம். நீங்கள் கம்பி என்று எழுதியிருக்கும், எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டு இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மண்வெட்டிக் காம்பு ஆடத் தொடங்கிவிட்டால் வெளியே கம்பி சுற்றிப் பயனில்லை, அதுபோலத்தான் இதுவும். தண்டு இறுகி இருந்தால் பிளேட்டும் கம்பிக்கட்டும் போதும். ஆடினால் நீளமான புதுத் தண்டு வேண்டும். ஆடும் தண்டின் மேல் பிளேட் மட்டும் போட்டால் மறுபடி ஆபரேஷன்தான்.

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: விழுவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, எழுந்து முதல் நாலு அடி வைக்கும்போது தொடை வலித்ததா? வலித்திருந்தால் தண்டு முன்பே தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய எக்ஸ்ரேயைப் புதியதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்டு கீழே இறங்கியிருந்தால் தெரியும். அப்படியும் சிலருக்கு ஆபரேஷன் மேஜையில் திறந்த பிறகுதான் உறுதியாகும். ஆகவே டாக்டரிடம், "உள்ளே ஆடினால் அப்போதே மாற்ற எல்லாம் தயாரா?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

2015-இல் வைத்த மூட்டின் ஸ்டிக்கர் ஃபைலில் இருக்கிறதா? எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரிந்தால் கழற்றுவதற்கான கருவியை முன்கூட்டியே வரவழைக்கலாம். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு இரண்டு வரி டிஸ்சார்ஜ் சம்மரி தரும் ஆஸ்பத்திரிகளை என்ன சொல்ல! பழைய இடத்தில் விடாமல் கேட்டு வாங்குங்கள்.

மாமா சொல்லும் புத்தூர் கட்டு வேண்டவே வேண்டாம். தொடைத் தசையின் இழுப்பை மூங்கில் பத்தை தாங்காது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தால் படுக்கைப்புண், சளி, காலில் ரத்தக்கட்டு எல்லாம் வரும். "நல்ல இடம் எனக்குத் தெரியும்" என்று வழிகாட்டும் ஆம்புலன்ஸ்காரரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். அந்த 'நல்ல இடம்' பல நேரம் கமிஷன் தரும் இடம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இடுப்பின் பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனை மட்டும் லேசாக விரிசல் விட்டு, விலகாமல், தண்டும் இறுகி இருந்தால் ஆபரேஷன் தேவைப்படாது. வாக்கர் வைத்து, அந்தக் காலில் முழுப் பாரம் போடாமல், ஆறு முதல் எட்டு வாரம், நடுவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டால் போதும். இதைத்தான் 'கட்டு போட்டேன், சரியானது' என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். கட்டு இல்லாமலும் அது சேர்ந்திருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அம்மாவுக்கு முறிந்தது அந்த இடம் அல்ல.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எலும்பு வலுவிழப்புக்கான (ஆஸ்டியோபோரோசிஸ்) சிகிச்சையையும் நீங்களே கேட்டு வாங்குங்கள். கால்சியம் மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவதுதான் இங்கே வழக்கம்.