இந்த மாதத் தபால்: குட்டிகள், குடும்பங்கள், கேமரா

ஒரு மணி நேர ஃபேமிலி ஷூட்டுக்கு 2,500 ரூபாய் வாங்குகிறேன். மாதம் பத்து ஷூட் வருகிறது. ஆனாலும் கையில் எதுவும் தங்குவதில்லை. ரேட்டை ஏற்றினால் கஸ்டமர் ஓடிவிடுவார்களா? – குரோம்பேட்டை வாசகர்

ஒரு மணி நேரம் என்று யார் சொன்னது? குரோம்பேட்டையிலிருந்து அண்ணா நகர் போய்வர இரண்டரை மணி நேரம். நானூறு படத்தில் நாற்பதைப் பொறுக்க ஒரு மணி நேரம். எடிட்டுக்கு மூன்று. "அந்தப் படத்துல மாமா கண்ணு மூடியிருக்காரே" என்று வரும் வாட்ஸ்அப்புக்குப் பதில் சொல்ல அரை மணி. ஆக எட்டு மணி நேர வேலை அது. 2,500-ஐ எட்டால் வகுத்தால் முந்நூறு சொச்சம். அதில்தான் பெட்ரோல், லேப் செலவு, கூட வரும் பையன் கூலி எல்லாம்.

கேமரா பாடி, லென்ஸ், லைட் என்று மூன்று லட்சமாவது போட்டிருப்பீர்கள். நாலைந்து வருஷத்தில் அது பழசாகிவிடும். மாதம் ஐயாயிரம், ஆறாயிரம் அதற்கே எடுத்து வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு ஷூட்டின் தலையிலும் ஐந்நூறு, அறுநூறு ரூபாய் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் கணக்கில் அது இல்லவே இல்லை.

புதிதாகக் கேட்பவர்களிடம் நாளையிலிருந்தே ஐயாயிரம் சொல்லுங்கள். பத்தில் நாலு பேர் போகட்டும். மிச்சம் ஆறு பேரிடம் முப்பதாயிரம் வரும், ஞாயிற்றுக்கிழமைகளும் மிஞ்சும். அப்புறம், வெறும் சாஃப்ட் காப்பியோடு கணக்கை முடிக்காதீர்கள். 12க்கு 18 இஞ்ச் பிரிண்ட் ஒன்றை ஃபிரேம் போட்டு ஹாலில் காட்டினால் தாத்தா பாட்டி ஆளுக்கொன்று கேட்பார்கள். பாதி அட்வான்ஸ் கைக்கு வராமல் யாருக்கும் தேதி கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு ஃபிளாஷ் அடித்தால் கண் கெட்டுவிடுமா? – மந்தைவெளி

சாதாரண ஃபிளாஷால் கண் கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனாலும் முகத்துக்கு நேராக அடிக்காதீர்கள். குழந்தை திடுக்கிடும், நிழலும் அசிங்கமாக விழும். வெளிச்சம் சீலிங்கில் பட்டுத் திரும்பி வரும்படி பவுன்ஸ் செய்யுங்கள். குறைமாதக் குழந்தையென்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். பாட்டி வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள், ஜன்னல் இருக்கிறது.

நியூபார்ன் ஷூட்டை குழந்தை பிறந்து ஐந்திலிருந்து பதினாலு நாளுக்குள் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இங்கே யாரும் அந்த நாளில் வரவே மாட்டேன் என்கிறார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது? – மடிப்பாக்கம்

எதற்குச் சம்மதிக்க வைக்க வேண்டும்? முதல் இரண்டு வாரம் குழந்தை அசந்து தூங்கும், கை காலை மடித்து வைத்தால் அப்படியே கிடக்கும். அதனால்தான் அந்தக் கணக்கு. நம் ஊரில் பலர் வீட்டில் புண்ணியாஜனம் முடியும்வரை வெளி ஆளை உள்ளேயே விடமாட்டார்கள். தாய் அம்மா வீட்டில் இருப்பாள், உட்காரவே சிரமப்படுவாள். ஸ்டுடியோவுக்குக் கூப்பிடாமல் நீங்கள் போங்கள். நாற்பது நாள் குழந்தை விழித்திருக்கும், முகத்தை உற்றுப் பார்க்கும், சிரிக்கக்கூட ஆரம்பித்திருக்கும். போர்வையில் சுற்றிவைத்த பொட்டலத்தைவிட அந்தப் படம் நன்றாக இருக்கும்.

போகும்போது: சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள், அட்வான்ஸ் வாங்கியிருந்தாலும் சரி. கையை முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றுங்கள். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ரூம் ஹீட்டர் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், இது சென்னை. ஏசியை 26, 27-ல் வைத்து, ஃபேனை நிறுத்தினால் போதும். கன்னத்துத் திருஷ்டிப் பொட்டை போட்டோஷாப்பில் நீக்கும் முன் கேளுங்கள். அது கறை இல்லை, அந்த வீட்டுப் பாட்டி காலையில் பார்த்துப் பார்த்து வைத்தது.

குழந்தை தாடையில் இரண்டு கையையும் வைத்து உட்கார்ந்திருக்கும் தவளை போஸ் எப்படி எடுப்பது? தலை நிற்கவே மாட்டேன் என்கிறது. – போரூர்

நிற்காது. நிற்கவும் கூடாது. அது ஒரே படம் இல்லை. ஒரு ஷாட்டில் உதவியாளர் தலையைப் பிடித்திருப்பார், அடுத்ததில் மணிக்கட்டை, இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்திருப்பார்கள். பயிற்சி இல்லாவிட்டால் முயற்சியே வேண்டாம். மரத்தில் கட்டிய ஊஞ்சல், உருளி, கண்ணாடி ஜாடி இவற்றுக்கும் அதே பதில்தான். கூடை தரையில் இருக்க வேண்டும், ஒருவர் கை எப்போதும் குழந்தைமேல் இருக்க வேண்டும். இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதம் உருளி வந்துவிடுகிறது.

குழந்தை மாநிறம். "கொஞ்சம் கலரா எடுத்துக் குடுங்க" என்று வீட்டில் கேட்கிறார்கள். இதற்கு எடிட்டில் எந்த ப்ரீசெட் (ஒரே கிளிக்கில் நிறம் மாற்றும் செட்டிங்) நல்லது? – கொளத்தூர்

எதுவும் நல்லதில்லை. போன வருஷமும் எழுதினேன், இந்த வருஷமும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்துத் தப்பைப் பார்ப்போம். பிறந்தநாள் என்று வெள்ளை ஃபிராக் போட்டுக் கூட்டி வருவார்கள், நீங்கள் வெள்ளை பேக்டிராப்பை இறக்குவீர்கள். கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எங்கும் வெள்ளையாக இருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே எடுக்கும் வெளிச்சத்தை, குறைத்துவிடும். ஃபிராக் மங்கும், முகம் இருண்டு கிடக்கும். 'பிள்ளை கறுப்பா வந்துடுச்சு' என்று அவர்கள் சொல்வது அப்போதுதான். பிள்ளை வந்தபடிதான் வந்தது. படத்தை இருட்டாக்கியது நீங்கள். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றுங்கள், ஃபிராக்கின் லேஸ் தெரியாத அளவுக்கு வெளுத்துவிடாமல் இருக்கிறதா என்று ஹிஸ்டோகிராமில் (கேமரா காட்டும் வெளிச்ச வரைபடம்) பாருங்கள். மேனுவலில் முகத்துக்கு ஒருமுறை செட் செய்துவிட்டு அதைத் தொடாமல் எடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்தது பவுடர். அம்மா வரும் வழியில் ஆட்டோவிலேயே ஒரு கோட்டிங் போட்டிருப்பார். லைட் அடித்ததும் அது முகத்தில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுங்கள். வெள்ளை பேக்டிராப்பைச் சுருட்டிவிட்டு கடுகு மஞ்சள், செங்கல் நிறம், மயில் கழுத்து நிறம் வாங்குங்கள். கோடவுன் தெருவில் ஆறேழு மீட்டர் துணி எடுத்தால் ரெடிமேட் பேக்டிராப் விலையில் கால்வாசிதான் ஆகும். லைட்டை மெத்தென்று ஆக்கும் பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் கிட்டே வையுங்கள். கருந்தோலில் வெளிச்சம் கன்னத்து மேட்டில் ஒரு பளபளப்பாக வந்து உட்காரும். வெளுத்த தோலில் அது அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது. பூங்காவில் எடுத்தால் புல்தரைக்கு நடுவில் நிறுத்தாதீர்கள், பச்சை எதிரொளித்துத் தாடைக்கு அடியில் ஏறும். மண் பாதைக்குக் கூட்டி வாருங்கள்.

கருந்தோல் படத்தில் சரியாக விழாத இந்தச் சாபம் ஃபிலிம் காலத்தது. கொடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய கலர் சாம்பிளில், ஷெர்லி கார்டு என்பார்கள், பல காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அந்த முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. பழுப்பு நிறங்கள் தேறியதற்கே சாக்லேட்காரர்களும் மரச்சாமான்காரர்களும் தங்கள் சரக்கு படத்தில் சரியாக விழவில்லை என்று சொன்ன புகார் ஒரு காரணம். இன்றைய சென்சாருக்கு அந்தக் குறை கிடையாது. நம் கைக்குத்தான் இருக்கிறது.

ஒரு அப்பா என் மானிட்டரில் விரலை வைத்து, "இவள அக்கா மாதிரி ஆக்கிடுங்க சார்" என்றார். அக்கா செவப்பு, தங்கை மாநிறம். தங்கைக்கு ஆறு வயது இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், ஃபிராக் ரிப்பனைப் பல்லில் கடித்தபடி. திரையில் அக்கா முகத்தைப் பார்த்தாள், தன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். நான் மாட்டேன் என்றேன். மீதிப் பணம் தரமாட்டேன் என்றார். சரி என்றேன்.

உங்களுக்கு வியாபாரம் ஓட வேண்டும், தெரியும். அதனால் ரேட் கார்டிலேயே ஒரு வரி அச்சடியுங்கள்: 'தோல் நிறம் மாற்றித் தரப்படாது.' கொசுக்கடி, நகக்கீறல், மூக்கொழுகல் எடுத்துத் தருவோம் என்றும் எழுதுங்கள். மச்சத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். யாராவது வற்புறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், சரியான எக்ஸ்போஷரில் ஒரு 8க்கு 12 இஞ்ச் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள். மாற்றாதவர்கள் வேறு ஸ்டுடியோவுக்குப் போகட்டும்.

எலியட்ஸ் பீச்சில் கடலில் சூரியன் மறையும்போது சில்லவுட் (இருண்ட உருவம் மட்டும் தெரியும் படம்) எடுக்க எந்த மாதம் சரி? – வேளச்சேரி

எந்த மாதமும் இல்லை. சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. வேளச்சேரியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? உங்களுக்கு வேண்டியது சூரிய உதயம்: ஜூனில் ஐந்தே முக்காலுக்கு முன்னாலேயே, ஜனவரி கடைசியில் ஆறரை தாண்டி. இருட்டோடு போய் நிற்க வேண்டும், ஞாயிறு தவிர்த்தால் நல்லது. மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போனபின் வரும் மெத்தென்ற வெளிச்சத்தையும் மட்டம் தட்டாதீர்கள், குழந்தைகள் கண்ணைச் சுருக்காத நேரம் அது.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிக்கும். பையைத் திறக்காமல் கால் மணி நேரம் வெளியே வைத்திருங்கள். குழந்தையைக் கடலுக்கு முதுகு காட்டி நிறுத்தவே நிறுத்தாதீர்கள், கணுக்கால் தண்ணீரானாலும். ஒருவர் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், அவரை எடிட்டில் அழித்துக்கொள்ளலாம்.

கஸ்டமர் எடிட் செய்யாத ரா ஃபைல் எல்லாவற்றையும் கேட்கிறார். கொடுக்கலாமா? – முகப்பேர்

ஓட்டலுக்குப் போய் யாரும் அரைத்த மாவைக் கேட்பதில்லை. ஆனால் எத்தனை படம், எந்த ஃபார்மேட் என்று புக்கிங்கின்போதே எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கொடுத்தே ஆக வேண்டுமானால் தனி ரேட்.

நான் எடுத்த படம், காப்பிரைட் எனக்குத்தானே? இன்ஸ்டாவில் போட்டதற்கு ஒரு அம்மா சண்டைக்கு வருகிறார். – தாம்பரம்

அந்த அம்மா பக்கம்தான் நியாயம். 1957 காப்பிரைட் சட்டத்தின் 17-வது பிரிவைப் படியுங்கள். ஒருவர் பணம் கொடுத்துச் சொல்லி எடுக்கவைத்த போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான். கேமரா உங்களுடையது என்பதெல்லாம் அங்கே செல்லாது. பல வருஷம் தொழிலில் இருப்பவர்களுக்கே இது தெரியவில்லை, வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு 'என் படம்' என்கிறார்கள்.

உடனே எடுத்துவிடுங்கள், மன்னிப்பும் கேளுங்கள். இனிமேல் புக்கிங் படிவத்தில் இரண்டு கட்டம் போடுங்கள்: ஆல்பம் சாம்பிளாகக் காட்டலாம், சோஷியல் மீடியாவில் போடலாம். டிக் செய்து அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். 2023 தனிநபர் தரவுச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் கேட்கிறது. வாயால் 'போட்டுக்கோங்க' என்றதை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். குழந்தை பெயர், ஸ்கூல் யூனிஃபார்ம், வீட்டு வாசல் எதுவும் படத்தில் தெரிய வேண்டாம். குளிக்கும் படம், உடையில்லாத படம் யார் சம்மதம் கொடுத்தாலும் போடாதீர்கள்.

ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா? – அம்பத்தூர்

வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் என்றால் பொதுவாகத் தேவையில்லை, பதிவில்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்த்து வாங்கவும் கூடாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

லென்ஸில் நூல் நூலாக ஏதோ தெரிகிறது. என்ன செய்வது? – ராயபுரம்

எந்த லென்ஸ், உள்ளேயா வெளியேயா என்று எழுதவில்லை. நூல் மாதிரி என்றால் ஃபங்கஸ். நீங்களே கழற்றாதீர்கள், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள், மற்ற லென்ஸ்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். கடலோரத்தில் இருந்துகொண்டு லெதர் உறையில் போட்டு பீரோவில் பூட்டினால் வேறென்ன வரும்? ஈரம் ஏறாமல் வைக்கும் டிரை கேபினட்டில் ஈரப்பதம் 45 சதவீதம் பக்கம் இருக்கட்டும். அது வாங்க முடியாவிட்டால் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு ஹைக்ரோமீட்டர். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஜெல்லை மாற்றுங்கள்.

ஒன்றரை வயசுப் பையன் கேமராவைப் பார்த்தாலே அழுகிறான். – பெரம்பூர்

எத்தனை மணிக்கு வரச் சொன்னீர்கள்? பதினொன்றரைக்கு என்றால் அவன் பசியிலும் தூக்கத்திலும் இருப்பான். தூங்கி எழுந்து பால் குடித்த பிறகு வரச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிஷம் கேமராவைத் தொடாதீர்கள், தரையில் உட்காருங்கள். 'சிரி, சிரி' என்று ஆறு பேர் ஒரே நேரத்தில் கத்தக்கூடாது. அப்பா ஒருவர் மட்டும் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கட்டும். பத்தடி ரூமில் 85 எம்எம் லென்ஸ் மாட்டாதீர்கள், 35 போதும். ஷட்டர் ஸ்பீடு 1/250-க்குக் கீழே வேண்டாம். இருபது நிமிஷத்தில் வராத படம் அன்றைக்கு வராது. மெமரி கார்டை ஃபார்மேட் செய்யும் முன் இரண்டு இடத்தில் காப்பி எடுங்கள். கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

எட்டு மாதக் குழந்தைக்குப் பாஸ்போர்ட் போட்டோ வேண்டும், உட்காரவே மாட்டேன் என்கிறது. – ஆலந்தூர்

வெள்ளை பெட்ஷீட்டில் படுக்கவைத்து மேலிருந்து எடுங்கள். கேமரா ஸ்டிராப் உங்கள் கழுத்தில் இருக்க வேண்டும், குழந்தைமேல் விழுந்தால் போச்சு. பெரியவர்களுக்கு பாஸ்போர்ட் சேவா கேந்திராவிலேயே படம் எடுத்துவிடுவார்கள். நாலு வயதுக்குக் கீழே என்றால் நாம்தான் வெள்ளைப் பின்னணியில் பிரிண்ட் கொண்டுபோக வேண்டும்.

புதுசாக ஸ்டுடியோ ஆரம்பிக்கிறேன். எந்த கேமரா வாங்கலாம்? – ஊர் பெயர் இல்லை

ஊர் இல்லை, பட்ஜெட் இல்லை, இப்போது கையில் என்ன இருக்கிறது என்றும் இல்லை. மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள். அதுவரை அந்தக் காசை லைட்டுக்கு ஒதுக்கி வையுங்கள். மெமரி கார்டு மட்டும் வாங்குவதானால், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள்.