அது நிறம் மாறிய பச்சை ஓணான் இல்லை

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ தோட்டத்தில் பச்சை ஓணான்கள் எல்லாம் பழுப்பாகிவிட்டன, முதுகில் கோடும் புள்ளியும் இருக்கிறது, அடித்து விரட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த ஊருக்கே உரிய பச்சை அனோல் (ஓணான் போன்ற சிறு பல்லி) பழுப்பாக மாறும்தான். ஆனால் நீங்கள் சொல்லும் முதுகுக் கோடும் புள்ளியும் சேர்ந்த வடிவம் அதற்கு இருக்காது. நீங்கள் பார்ப்பது கியூபா, பஹாமாஸ் பக்கமிருந்து வந்த பழுப்பு அனோல், ஒருபோதும் பச்சையாகாது. சந்தேகமென்றால் ஆண் தொண்டைத் தோலை விரிக்கும்போது பாருங்கள். உள்ளூர்க்காரனுக்கு இளஞ்சிவப்பு, வந்தவனுக்கு ஓரம் மஞ்சளான செம்மை. பழுப்பு வந்ததால் பச்சை பெரும்பாலும் மரத்தில் மேலே ஏறியிருக்கும். பழுப்பு வந்த ஃபுளோரிடா தீவுகளில் சுமார் 20 தலைமுறைக்குள் பச்சையின் விரலடியில் மரத்தைப் பற்றிக்கொள்ள உதவும் பட்டைகளே பெரிதாகிவிட்டன என்று 2014இல் ஓர் ஆய்வு வந்தது, கெட்டிக்காரப் பிராணி! அடிக்காதீர்கள், தவறிப் பச்சையும் சாகும். அப்புறம், உயரமான மரம், புதர்களை வெட்டாமல் விடுங்கள், பூனையை வீட்டுக்குள் வையுங்கள்.