ஓடைக்கரை நடுகல்லைச் சுத்தம் செய்ய ஆசிட், பெயின்ட் வேண்டுமா?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம், மருதாநதிக்கு இறங்கும் ஓடையின் கரையில் எங்கள் ஊர் நடுகல் இருக்கிறது. பாசி படிந்து கிடக்கிறது, கரையும் அரிக்கிறது. பொங்கலுக்கு இளைஞர்கள் சேர்ந்து ஆசிட்டில் கழுவி, பெயின்ட் அடித்து, சிமென்ட் மேடை கட்டி விழா எடுக்கலாமா?

பதில்: விழா கட்டாயம் எடுங்கள். ஆசிட், பெயின்ட், சிமென்ட் மூன்றும் வேண்டாம். வீரனின் முகமும் வாளும் கல்லின் மேல்தோலில்தான் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆசிட் அந்தத் தோலை அரிக்கும், கல்லில் உள்ள இரும்பைக் கரைத்துத் துருக்கறை ஏற்றும். பெயின்ட் உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விடாது. சிமென்டிலிருந்து கசியும் உப்பு கல்லுக்குள் போய்ப் படிகமாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாக உரிக்கும்.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, அவர் வழியாக மாநிலத் தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுங்கள். தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால், அனுமதியில்லாமல் கழுவக்கூடக் கூடாது. இடம் வனத்துறைக்கு உரியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அனுமதி கிடைத்த பிறகு, உப்பில்லாத நல்ல தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷும் போதும். கம்பி பிரஷ், சோப்புத்தூள், பிரஷர் பம்பு எதுவும் வேண்டாம். பாசியை நனைத்து ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். சாம்பல், வெள்ளை வட்டங்களாக ஒட்டிக் கிடப்பது கற்பாசி. அதைச் சுரண்டினால் கல் துகளும் சேர்ந்து வரும், அதனால் விட்டுவிடுங்கள். பார்க்க அழுக்குபோல இருந்தாலும் பரவாயில்லை. நடுகல் மரபில் நீர்ப்படை என்று கல்லை நீராட்டும் சடங்கே உண்டு. விழாவன்று அந்தத் தண்ணீர் ஊற்றுவதையே ஊர் கூடிச் செய்யலாமே!

எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ சாக்பீஸோ தேய்க்காதீர்கள். இருட்டியதும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், பகலில் தெரியாத கோடுகள் எழும். அப்படியே படம் எடுத்து வையுங்கள்.

எண்ணெய், மஞ்சள் பூசும் குடும்பம் இருந்தால் தடுக்காதீர்கள். முன்னால் ஒரு சிறு தட்டைக் கல்லை வைத்து அதில் பூசச் சொல்லி, பெரியவர்களிடம் பக்குவமாகப் பேசுங்கள். விளக்கை இரண்டடி தள்ளி வைத்தால் புகை படியாது.

உங்கள் உழைப்பு பெரும்பாலும் கரைக்குத்தான் தேவை. அங்கே வடகிழக்குப் பருவமழையில்தான் ஓடை பெருகும். அதனால் சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு கரை விளிம்பில் வெட்டிவேரை நெருக்கமாக நடுங்கள். வேர் நேர்கீழாக இறங்கும், ஐப்பசிக்குள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கல்லுக்கு அருகில் மட்டும் நட வேண்டாம். மேட்டிலிருந்து வரும் மழைத்தண்ணீரை ஆழமில்லாத வாய்க்கால் வழியாக ஒதுக்கிவிடுங்கள்.

நடுகல்லின் அடியைச் சுற்றித் தோண்டவே கூடாது, சாய்ந்திருந்தாலும் நீங்களே நிமிர்த்த வேண்டாம். பானை ஓடு கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். பெயர்ப்பலகைக்குக் குழி தோண்டுவதானால், துறையிடம் இடம் கேட்டுக்கொண்டு பாதையோரம் தோண்டுங்கள்.