தொழிற்பயிற்சி படிக்கிற பிள்ளையளின்ர தொழில்முனைவை எப்பிடி அளக்கிறது?

தொழிற்பயிற்சிக் கல்லூரி மாணவரின்ர தொழில்முனைவு நடத்தையை அளக்க எந்த வினாக்கொத்து நல்லம் எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் யாழ்ப்பாணத்தில என்விகியூ 4 (தேசிய தொழில் தகைமை, 4ம் மட்டம்) எலக்ட்ரீசியன் வகுப்பு எடுக்கிறனான், அதை வச்சுச் சொல்லுறன்.

எண்ணம் வேற, நடத்தை வேற. கனபேர் எடுக்கிறது லின்யான், சென் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் 2009ல போட்ட வினாக்கொத்து. ஒருத்தர் என்ன செய்வார் எண்டதை அவற்ற எண்ணம் காட்டும் எண்டு சொல்லுற, உளவியலாளர் ஐசனின்ர 1991 கோட்பாட்டை வச்சுச் செய்தது, சொந்தத் தொழிலில விருப்பமோ, வீட்டுக்காரர் என்ன நினைப்பினம், உங்களால ஏலுமோ எண்டெல்லாம் கேட்டு 1ல இருந்து 7 வரைக்கும் (7 எண்டா முழுக்க ஓம்) போடச் சொல்லும். நல்ல வினாக்கொத்துத்தான், ஆனா அது அளக்கிறது எண்ணத்தை. வினாக்கொத்தைச் சோதிக்கிற குரொன்பாக் அல்பா எண்ட புள்ளிவிபர அளவு 0.7க்கு மேல வந்திட்டுதெண்டா கேள்வியள் ஒண்டோடொண்டு ஒத்துப்போகுது எண்டுதான் அர்த்தம், பிள்ளை தொழில் தொடங்குவான் எண்டில்லை.

ஒருக்கா எங்கட வகுப்பிலயும் இப்பிடி ஒரு படிவம் குடுத்தம். எல்லாத்துக்கும் 7 போட்ட பெடியனோட கதைச்சுப் பாத்தா அவன் கனடா போறதுக்குப் பேப்பர் போட்டிட்டு இருக்கிறான். 2, 3 எண்டு போட்ட இன்னொருத்தன் வகுப்பு விட்டாப் பிறகு சைக்கிள் கரியரில டூல்ஸ் பையைக் கட்டிக்கொண்டு வீடுவீடாப் போய் கருகின தண்ணி மோட்டருகளைக் கழட்டி எடுத்து வந்து வைண்டிங் செய்து குடுக்கிறவன். அவன்ர கொப்பியை வாங்கிப் பாத்தன். திகதி, வீடு, செப்புக் கம்பி வாங்கின விலை, கூலி எல்லாம் எழுதி, காசு தராத ஆக்களின்ர பேரைச் சுத்தி சிவப்புப் பேனையால வட்டம் போட்டு வச்சிருக்கிறான். ஏன்டா அப்ப 2 போட்டனீ எண்டு கேட்டா, "சேர், எனக்குக் கடை இல்லைத்தானே" எண்டான். தையல் படிக்கிற பிள்ளையளும் இப்பிடித்தான், அயலுக்கெல்லாம் பிளவுஸ் தைச்சுக் குடுத்துக்கொண்டு தொழில் செய்யேல்லை எண்டு எழுதுவினம்.

அதால 'தொழில்' எண்ட சொல்லையே போடாமல், செய்ததைக் கேளுங்கோ. கடைசி 6 மாசத்தில எத்தினை தரம் வேலை செய்து குடுத்துக் காசு வாங்கினனீங்கள், விலையை ஆர் சொன்னது, சாமான் வாங்கின முதல் காசு எங்கால (இஞ்ச கூடுதலா அம்மாவின்ர சீட்டுக் காசுதான்), வேலையைத் தேடிப் போனீங்களோ அவையளாக் கூப்பிட்டவையோ, கணக்கு எழுதுறனீங்களோ. அமெரிக்க உளவியலாளர் மக்லெலன்ட் 1960களில இந்தியாவில காக்கிநாடா வியாபாரிகளுக்குப் பயிற்சி குடுத்திட்டுப் பிறகு பாத்ததும் இப்பிடியான விஷயங்களைத்தான், எத்தினை மணித்தியாலம் வேலை செய்யினம், புதுசா முதல் போட்டவையோ, ஆள் சேர்த்தவையோ எண்டு.

இன்னொண்டு, படிவத்தைப் படிப்பிக்கிற ஆள் குடுக்கக் கூடாது. நான் குடுத்தா எனக்குப் பிடிக்கிற மாதிரித்தான் நிரப்புவினம், வேற ஆரும் குடுக்கட்டும், பேரும் கேக்க வேண்டாம், ஒரு குறியீட்டு இலக்கம் காணும். கோர்ஸ் முடிஞ்சு 6 மாசத்திலயும் ஒரு வருசத்திலயும் அதே இலக்கத்தை வச்சுத் திருப்பிக் கேளுங்கோ, நடத்தை தெரியிறது அப்பதான்.

படிவத்தை அச்சடிக்க முதல் நாலைஞ்சு பிள்ளையளுக்கு வாசிச்சுக் காட்டுங்கோ, எந்தச் சொல்லில தடக்குப்படுகினம் எண்டு அவையளே சொல்லுவினம்.