வாசகர் கேள்வி–பதில்: ஓடையில் விட்ட மீன்கள் எங்கே போயின?

கேள்வி: நகரத்து ஓடை ஒன்றில் குப்பையோடு கட்டை, கற்களையும் அள்ளிவிட்டு, நேராக்கி, நாட்டு மீன் குஞ்சுகளை விட்டோம். முதல் பெருமழைக்குப் பிறகு ஒன்றையும் காணோம். தண்ணீர் கெட்டுவிட்டதா?

பதில்: கெட்டிருக்கலாம். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரின் வேகத்தை. 100 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 2,000 லிட்டர். ஊற மண் இல்லாததால் அத்தனையும் சில நிமிடங்களில் வடிகால் வழியே ஓடைக்குள் பாய்கிறது. நேராக்கிய ஓடையில் குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமே இல்லை. அந்தக் கட்டைகளும் கற்களும்தான் அவற்றின் வீடு.

எனவே சரளை மேடும் மடுவும் மாறி மாறி வர வேண்டும். மேட்டுக்கு மேடு இடைவெளி, ஓடை அகலத்தைப்போல 5 முதல் 7 மடங்கு. 3 மீட்டர் அகல ஓடையில் 15 முதல் 21 மீட்டர். மடுவின் ஓரத்தில் வேரோடு கூடிய மரக்கட்டையைப் பதியுங்கள், வேர்ப்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும்படி. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரைக்குள் போகட்டும். அரைகுறையாகப் புதைத்தால் வெள்ளத்தில் பெயர்ந்து கீழேயுள்ள பாலத்தை அடைத்துவிடும். வெள்ளக் கணக்குத் தெரிந்த பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஓடையின் மேற்பகுதியில் கரை அரித்துக்கொண்டிருந்தால் சரளை கொட்டுவது வீண். வண்டல் இடுக்குகளை அடைத்து, உள்ளே கிடக்கும் முட்டைகள் மூச்சுமுட்டிச் சாகும். முதலில் கரையில் நாட்டு மரங்களையும் நாணலையும் வளர்த்து மண்ணைப் பிடித்து வையுங்கள். நிழலும் கிடைத்து நீர் குளிரும்: 20 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 9 மி.கி. ஆக்ஸிஜனைத் தாங்கும், 30 டிகிரி நீர் 7.5 மி.கி.தான். ஆக்ஸிஜனை விடியலுக்குச் சற்று முன் அளந்து பாருங்கள். பாசி பகலில் அதை வெளிவிட்டு இரவில் இழுப்பதால் நண்பகல் அளவு ஏமாற்றும். விடியல் அளவு 5 மி.கி.க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மீன் விடாதீர்கள், கழிவுநீர் கலக்கும் இடத்தைத் தேடுங்கள்.

கேள்வி: சாலைக்கு அடியிலுள்ள குழாய்ப்பாலத்துக்கு மேலே மீன் ஏறுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: குழாயின் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரு சாண் உயரமே சிறு மீன்களைத் தடுத்துவிடும். கீழ்ப்பக்கம் பாறைச் சரிவு அமையுங்கள்: 1 மீட்டர் உயரத்துக்கு 20 மீட்டர் நீளம். கற்களின் இடைவெளியைச் சிறு சரளையாலும் மணலாலும் அடைக்காவிட்டால் தண்ணீர் அடியில் ஓடி, மேலே வறண்டு கிடக்கும். குழாயையே மாற்ற முடிந்தால், அடிப்பகுதி ஓடைத்தரைக்குக் கீழே இறங்கியிருக்கட்டும். உள்ளே சரளை தானாகச் சேரும்.

கேள்வி: கொசுவை ஒழிக்க கம்பூசியா (கொசுப்புழு தின்னும் வெளிநாட்டு மீன்) விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று, பெருகி, பிறகு வெளியேற்றவே முடியாமல் போகும். கொசுப்புழுவைத் தின்னும் நாட்டு மீன்களுக்கு மடு அமைத்துக் கொடுங்கள். மழைநீரைத் தேக்கும் குழிகள் 3 நாளுக்குள் வடிந்துவிட்டால் முட்டையிலிருந்து கொசுவாக வளர நேரம் கிடைக்காது.