பதினான்கு சான்றிதழ்களும் ஒரு விடைத்தாளும்

வாசகர் கேள்வி:

எனக்கு வயது 37. எம்.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு, எங்கள் ஊர் மெட்ரிக் பள்ளி ஒன்றில் 11 ஆண்டுகள் உயிரியல் நடத்தினேன். கடந்த ஜூன் முதல் மதுரைப் புறநகரிலுள்ள ஒரு சர்வதேசப் பள்ளியில், கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் 9, 10-ஆம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஏதாவது ஓர் இணையவழிப் பயிற்சி இருக்கிறது. இதுவரை 14 சான்றிதழ்கள் சேர்ந்துவிட்டன. ஆனால் திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழையும்போது பழையபடிதான் நடத்துகிறேன். என்னைவிடப் பத்து வயது இளையவர்கள் கூட்டங்களில் சரளமாகப் பேசும்போது, ஒன்றும் தெரியாதவளைப்போல் உட்கார்ந்திருக்கிறேன். சக ஆசிரியை ஒருவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பி.ஜி.சி.இ. என்னும் ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இணையவழியாகச் சேர்ந்திருக்கிறார். நகையை அடகு வைத்து நானும் சேரலாமா? பள்ளி நிர்வாகம் வேறொரு பயிற்சிக்குத் தானே பணம் கட்டுவதாகச் சொல்கிறது. ஆனால் இரண்டாண்டு வேலையை விட்டுப் போகமாட்டேன் என்று பத்திரம் எழுதித் தரச் சொல்கிறது. என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இப்போதைக்கு வீட்டிலேயே வைத்திருங்கள். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, 'திங்கட்கிழமை பழையபடிதான் நடத்துகிறேன்' என்ற வரி. தன் வகுப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் ஏற்கமாட்டேன். 11 ஆண்டுகளில் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுவார்கள், ஒளிச்சேர்க்கையில் எதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், எந்த முகம் புரிந்ததுபோல் தலையாட்டும் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படியாகியிருக்கும். அது எந்தப் பாடத்திட்டத்துக்கு மாறினாலும் உடன் வரும். மாறியிருப்பது வேறு ஒன்று. அது என்னவென்று தெரியாமலேயே நீங்கள் சனிக்கிழமைகளைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மல்லிகைச் சரத்தை ஈர வாழையிலையில் பொட்டலம் கட்டித் தருவதை நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அப்படிக் கட்டிய பூ ஏன் சீக்கிரம் வாடுவதில்லை என்பதை விளக்குமாறு மூன்று மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளை, 'தாவரத்தின் புறப் பகுதிகளிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுவதே நீராவிப்போக்கு எனப்படும்' என்று தொடங்கி, இலைத்துளை, காப்புச் செல் என்று படம் வரைந்து, அரைப் பக்கம் பிழையில்லாமல் எழுதிவிடும். நம் பழைய கை அதற்கு முழு மதிப்பெண் போடத் துடிக்கும். ஆனால் கேம்பிரிட்ஜின் மதிப்பீட்டு முறையில் திருத்தினால் அந்தப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காமல் போகலாம். ஈர இலை பூவைச் சுற்றியுள்ள காற்றில் நீராவியை மிகுதியாக்குகிறது. அதனால் பூவின் உட்புறத்துக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே உள்ள ஈர வேறுபாடு குறைகிறது. ஆகவே இதழ்களிலிருந்து நீர் வெளியேறுவது மெதுவாகி, செல்கள் விறைப்பாகவே இருக்கின்றன. இந்த மூன்று கண்ணிகளைத்தான் அந்தக் கேள்வி தேடுகிறது. அவற்றில் ஒன்றுகூட அந்த அரைப் பக்கத்தில் இல்லை.

'கூறுக', 'விவரிக்க', 'விளக்குக', 'கருத்துரைக்க' என்று அந்தப் பாடத்திட்டத்தில் வரும் ஒவ்வொரு கட்டளைச் சொல்லும் வேறு வேறு வேலையைக் கேட்கிறது. எந்தச் சொல் எதைக் கேட்கிறது என்று பாடத்திட்ட ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வந்திருக்கும் மாற்றத்தில் பெரும்பகுதி இதுதான். பாடம் புதியதன்று, பிள்ளையின் விடையில் எதைத் தேட வேண்டும் என்பதுதான் புதியது. இதை ஒரு மணி நேர இணையவழி உரையால் யாரும் உங்களுக்குப் பழக்கிவிட முடியாது. விடைத்தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

அதற்குத் தேவையானவை உங்கள் பள்ளியிலேயே இருக்கின்றன. பதிவுபெற்ற பள்ளிகளின் ஆசிரியர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் நடத்தும் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களும், மதிப்பீட்டுக் குறிப்புகளும், ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் முதன்மைத் தேர்வாளர் எழுதும் அறிக்கையும் கிடைக்கும். உள்நுழைவதற்கான கணக்கைப் பள்ளியின் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதுவரை தரவில்லையென்றால், அதைக் கேட்பது உங்கள் உரிமை. 0610 என்ற எண்ணுள்ள உயிரியல் பாடத்துக்கு வந்த தேர்வாளர் அறிக்கைகளில் கடைசி நான்கைந்தை வரிசையாகப் படித்தீர்களானால், ஒரே வகையான குறைகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள். வரைபடத்திலுள்ள எண்களை எடுத்தாளாமல் பொதுவாக எழுதுவது, 'விளக்குக' என்று கேட்டால் விவரித்துவிட்டு நிறுத்திக்கொள்வது, செய்முறைக்கு மாற்றாக வரும் ஆறாம் தாளில் எதை மாற்றுவது, எதை மாற்றாமல் வைத்துக்கொள்வது என்பதைக் குழப்பிக்கொள்வது போன்றவை அவை. உங்கள் 14 சான்றிதழ்களைவிட அந்த நான்கைந்து அறிக்கைகள் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

இனி, பயிற்சிகள் ஏன் ஒட்டுவதில்லை என்பதற்கு வருகிறேன். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். பிள்ளைகள் அவரவர் வேகத்தில் அட்டைகளைக் கொண்டு ஏணிப்படிபோல் ஒவ்வொரு நிலையாக ஏறிக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2007-08-இல் மாநிலம் முழுவதும் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தபோது, நான் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். ஐந்து நாள் பயிற்சி கொடுத்தோம். ஆசிரியர்களும் மகிழ்ச்சியாகவே கேட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குப் போனபோது, கற்றல் அட்டைகள் அலமாரியில் வரிசை குலையாமல் தூசி படிந்திருந்தன; ஆசிரியை கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்திக்கொண்டிருந்தார். கடிந்துகொள்ள வாயெடுத்த என்னிடம் அவர் கேட்டார்: "மேடம், நாப்பது பிள்ளைங்க ஆளுக்கொரு ஏணிப்படியில நிக்கிறாங்க. நான் முதல்ல யாருகிட்ட போறதுன்னு நீங்க ஒரு நாள் இங்கயே இருந்து செஞ்சு காட்டுங்களேன்." அவர் கேட்டது முழுக்க நியாயம். மறுநாள் காலை வழிபாட்டுக்கே போய்விட்டேன். அன்று மாலைவரை இருவருமாகச் சேர்ந்து தடுமாறினோம். எந்தக் குழுவைத் தானே விட்டுவிடலாம், எந்தக் குழுவின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது நான்கு மணிக்குத்தான் பிடிபட்டது. நான் கொடுத்த ஐந்து நாள் பயிற்சியில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்திருக்கவில்லை.

ப்ரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்னும் இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1980-களில் ஆசிரியர் பயிற்சிகளை ஆராய்ந்து இதையே எழுதியிருக்கிறார்கள். ஒரு முறையை விளக்கிச் சொல்வதோடும், செய்து காட்டுவதோடும் நின்றுவிட்டால் அதில் மிகக் குறைவாகவே வகுப்பறைக்குப் போய்ச் சேர்கிறது. ஆசிரியர் தன் சொந்த வகுப்பில் செய்து பார்க்கும்போது உடனிருந்து பேசிப் பார்க்க ஒருவர் கிடைத்தால்தான் அது கைப்பழக்கமாகிறது என்பது அவர்கள் கண்டது. ஜப்பானில் 'ஜுக்யோ கென்க்யூ' என்ற பெயரில் பல தலைமுறைகளாக ஒரு வழக்கம் உண்டு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள், ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் வகுப்பில் உட்கார்ந்து, நடத்துபவரைப் பார்க்காமல், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள், பிறகு கூடிப் பேசுவார்கள். இதற்குக் கட்டணமும் இல்லை, சான்றிதழும் இல்லை.

நீங்களும் இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'விளக்குக' என்ற கட்டளைச் சொல்லுக்கு உங்கள் பிள்ளைகள் காரண காரியத்தோடு விடை எழுத வேண்டும் என்பதாகவே அது இருக்கட்டும். ஆறு வாரம் வேறு எதையும் புதிதாகத் தொடாதீர்கள். கூட்டங்களில் சரளமாகப் பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இளம் ஆசிரியர்களில் ஒருவரை வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் உங்கள் வகுப்பில் வந்து உட்காரச் சொல்லுங்கள். 'என் பாடம் எப்படி இருந்தது' என்று அவரிடம் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். கடைசி வரிசையில் மூன்று பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, அவர்கள் என்ன எழுதினார்கள், எந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தார்கள் என்று மட்டும் குறித்துத் தரும்படி கேளுங்கள். பதிலுக்கு நீங்களும் அவர் வகுப்புக்குப் போங்கள். அவருக்கு மொழி சரளமாக இருக்கலாம். பிள்ளையின் முகத்தைப் படிக்கும் கண் உங்களுக்குத்தான் தேர்ந்திருக்கும். கூட்டத்தில் வாய் திறக்கவும் அது வழி செய்யும். மூன்று பிள்ளைகளின் விடைகளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுபவரின் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். இந்த ஏற்பாடு ஆய்வுக்கு வருவதுபோல் ஆகிவிடக் கூடாது. அந்தக் குறிப்புகளை மேலிடத்துக்குக் கொடுப்பதில்லை என்று முதல் நாளே இருவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சனிக்கிழமைப் பயிற்சிகளை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020-கூட ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. கட்டாயமானவற்றுக்குப் போங்கள், மற்றவற்றில், எடுத்துக்கொண்ட காரியத்துக்கு உதவுகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

இப்போது பி.ஜி.சி.இ. பற்றி. இது நல்ல படிப்பா என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக இணையவழியில் நடத்தும் பன்னாட்டு பி.ஜி.சி.இ., இங்கிலாந்தில் க்யூ.டி.எஸ். எனப்படும் ஆசிரியர் தகுதிநிலையைத் தானாகப் பெற்றுத் தராது. பலர் இதைத் தெரிந்துகொள்ளாமலேயே பணம் கட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டே அந்தத் தகுதிநிலையைப் பெறுவதற்கு ஐ.க்யூ.டி.எஸ். என்று தனியாக ஒரு வழியை அந்நாட்டுக் கல்வித் துறை 2022-இல் தொடங்கியது. அதற்குப் பள்ளியில் பயிற்சிக் காலமும், உடனிருந்து வழிகாட்டும் மூத்த ஆசிரியரும் வேண்டும். இங்கேயே அரசுப் பள்ளிக்கோ, உதவிபெறும் பள்ளிக்கோ போகும் எண்ணம் இருந்தால், அங்கே கேட்பவை பி.எட். பட்டமும் தகுதித் தேர்வும்தான். முதலாவது உங்களிடம் இருக்கிறது. வளைகுடா நாட்டுக்கோ, வேறு நாட்டுக்கோ போவதாக வீட்டில் உறுதியாகப் பேசி முடிவெடுத்திருந்தால், எந்த நாடு, அங்கே எந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று விசாரித்த பிறகு சேருங்கள். அப்படி ஒரு திட்டமும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தென்படவில்லை. சக ஆசிரியை சேர்ந்துவிட்டார் என்பதற்காக நகை அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

சான்றிதழ் ஒன்று வேண்டும் என்று தோன்றினால், கேம்பிரிட்ஜே நடத்தும் ஆசிரியர் தொழில் தகுதிப் படிப்புகளைப் பற்றிப் பள்ளியில் கேளுங்கள். அவை உங்கள் வகுப்பில் நீங்கள் செய்தவற்றையே தொகுப்பாக எழுதிக் கொடுக்கும் முறையில் மதிப்பிடப்படுகின்றன. ஆறு வாரம் மேலே சொன்னபடி செய்திருந்தால் எழுதுவதற்குச் சரக்கு இருக்கும். நாளை உங்கள் பள்ளி ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலோரியா) என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டத்துக்கு மாறினாலும், அதன் அங்கீகாரத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது பள்ளியின் கடமை. அந்தச் செலவை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி 1970-களிலேயே ஐ.பி.யை ஏற்றது என்பதால் நம் பக்கத்துக்கு இவையெல்லாம் அந்நியமும் அல்ல. மெட்ரிக் பள்ளியிலிருந்து வந்த ஆசிரியர்களைக் கொண்டு சமவெளியில் நடத்துவதுதான் புதிது. அந்தப் பொறுப்பில் பள்ளிக்கும் பங்கு உண்டு.

பத்திரத்தைப் பற்றிக் கவனமாகச் சொல்கிறேன். பயிற்சிக்குப் பணம் கட்டும் பள்ளி சிறிது காலம் இருக்கச் சொல்வதில் தவறில்லை. ஆனால் இடையில் விலக நேர்ந்தால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு என்று எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் அந்தத் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும். பயிற்சிக்குக் கட்டிய கட்டணத்துக்கு மேல் அது ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. பள்ளியே உங்களை நீக்கினால் நீங்கள் எதுவும் தர வேண்டியதில்லை என்ற வரியும் இருக்க வேண்டும். அசல் சான்றிதழ்களை எக்காரணம் கொண்டும் ஒப்படைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை, 'பத்திரமாக வைத்திருக்கிறோம்' என்ற சொல்லை நம்பி பி.எட். அசலை ஒரு பள்ளியில் கொடுத்துவிட்டு, தாயாரின் நோய்க்காக ஊர் திரும்ப வேண்டியிருந்தபோது அதை வாங்க ஏழு மாதம் நடந்தார். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரட்டும்; நகல் போதும்.

கடைசியாக ஒன்று. மதுரை புதுநத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு நீங்கள் போயிருப்பீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் இதே பாடத்தை எடுக்கும் உயிரியல் ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரை அங்கே வரச் சொல்லுங்கள். அரசு ஆசிரியர்களுக்கு, அக்கம்பக்கத்துப் பள்ளிக்காரர்கள் கூடிப் பேசும் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்று இல்லாததால், நீங்களேதான் தொடங்க வேண்டியிருக்கும். ஆளுக்கு ஐந்து விடைத்தாள்கள், பிள்ளைகளின் பெயரை மறைத்துக் கொண்டுவாருங்கள். ஒரே விடையைத் தனித்தனியாகத் திருத்திவிட்டு, போட்ட மதிப்பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாதம் நிச்சயமாக ஒத்துவராது. எந்த இடத்தில் ஒத்துவரவில்லை என்று அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.